பால்கனியில் நிற்காதவள்

வில்ஃப்ரான்ஷ்
1 நவம்பர் 1982, திங்கள் மாலை

காஸ்பார்,

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். சூப் குடித்தாள், ரொட்டியின் நடுப்பகுதியை மட்டும் பிய்த்துத் தின்றாள், இப்போது தூங்குகிறாள். இது தெரிந்துவிட்டதல்லவா, இனி என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்.

இவெத்திடம் நான் பொய் சொல்லவில்லை. அப்பா கல்லறையில் சாமந்தி வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறோம் என்றுதான் கிளம்பினேன். தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மா என் பின்னாலேயே வந்தாள். புனிதர் அனைவர் திருநாளாயிற்றே, கல்லறைக்குப் போகிற பேருந்துக்கு ஊரே நின்றது, ஆளுக்கொரு சாமந்தித் தொட்டியோடு. எதிரே ரிக்கியே ரயில் நிலையம். அம்மா அந்தப் பக்கம் பார்த்து, "ரயில் வருது, ஓடு, ஓடு" என்றாள். ஓடினேன். அப்பா காத்திருக்கட்டும். அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பாய். நேற்று பாத்திரம் துடைக்கும்போது உன் மனைவி இவெத் வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, வருகிற திங்கட்கிழமை அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறாய் என்று. பெற்ற மகளுக்கு இதைச் சொல்ல ஒரு தபால்தலை கிடைக்கவில்லையா உனக்கு? கேட்டதற்கு என்ன சொன்னாய்? "பதினேழு வருஷமா ஸ்ட்ராஸ்பூர்ல உக்காந்துக்கிட்டு இப்ப வந்து கேள்வி கேக்குறியா?" கதவை அடித்துச் சாத்தினாய். சுவரில் இருந்த தட்டு ஆடியது.

நாற்பது வருஷம் நீஸில் அந்தப் பெரிய ஹோட்டலில் அடுத்தவர் படுக்கையைப் போட்டவள் அவள். காலையில் ஜன்னல் கதவைத் திறந்து, "இன்னிக்குக் கடல் நல்லா இருக்கு மதாம்" என்று ஊர் உலகத்துக்கெல்லாம் சொன்னவள். இந்தக் கரையில் ஏதாவது ஓர் ஊரில் ஒரு ராத்திரி அவள் விருந்தாளியாகப் படுத்ததுண்டா? கோடை முழுக்க வேலை. நம் ஆட்களுக்கு ஊர் பார்க்க நேரம் கிடைப்பதே நவம்பரில்தான், எல்லாவற்றையும் இழுத்து மூடிய பிறகு. சரி, மூடிய ஊரையாவது பார்க்கட்டும். இங்கே வியாழன் வரை இருப்போம், பிறகு போலியூ, பிறகு மந்தோன். அதன்பின் அவளை என்னோடு ஸ்ட்ராஸ்பூருக்கு அழைத்துப் போகிறேன். இல்லத்தில் விட நான் சம்மதிக்க மாட்டேன்.

போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

இங்கே ஒரு வேடிக்கை. ஹோட்டல் முன்வாசலில் நுழைய மாட்டேன் என்று அம்மா ஒரே பிடிவாதம். "பின்பக்கம் எங்க இருக்கு?" என்று கேட்டு, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, சமையலறை வழியாக உள்ளே வந்தாள். அறையில் நாற்காலியில் உட்காரவில்லை. "பரவாயில்ல மதாம், நிக்கிறேன்" என்றாள் என்னிடம். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

ஒதீல்


நீஸ்
3 நவம்பர்

அக்கா,

வேடிக்கையா? நல்லது. இங்கே நடந்த வேடிக்கையையும் கேட்டுக்கொள்.

ரவியோலி ஆறிக் காய்ந்து போனது. இவெத் ஜன்னலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், போலீஸுக்குப் போனேன், கடைசியில் கல்லறைக்கே போனேன். அத்தனை சாமந்திக் கூட்டத்தில் ஒவ்வொரு கிழவியின் முகத்தையும் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒருத்தி என்னைத் திருடன் என்று நினைத்துப் பையை இறுக்கிக்கொண்டாள். அப்பா கல்லறையில் மட்டும்தான் பூ இல்லை. இந்த வருஷம் ஊர் சிரிக்க வைத்துவிட்டாய்.

உனக்குச் சொல்லவில்லை என்கிறாய். சொன்னால் என்ன செய்திருப்பாய்? அழுது ஒரு கடிதம் எழுதியிருப்பாய், உங்கள் ஸ்ட்ராஸ்பூர் நாரை படம் போட்ட அட்டையில். அலமாரி நிறைய உன் நாரைகள் இருக்கின்றன. ஒரு நாரையாவது பறந்து வந்து அம்மாவைக் குளிப்பாட்டியதா?

நான் குளிப்பாட்டுகிறேன். இவெத்துக்கு முதுகு போய்விட்டது, தூக்க முடியாது. ஒரு மகன் அம்மாவைக் குளிப்பாட்டுவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நானும் மூடிக்கொள்வேன். சோப்பு எங்கே இருக்கிறது என்று இருவரும் தடவுவோம். பகலெல்லாம் நம் கரையோரப் பேருந்தை நீஸுக்கும் மந்தோனுக்குமாக ஓட்டிவிட்டு வந்து இதையும் செய்கிறேன். உனக்கு விருந்தாளியாக ஊர் பார்ப்பதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஊருக்கு உபதேசம் செய்ய நல்ல வாய் வாய்த்திருக்கிறது உனக்கு.

கன்னியாஸ்திரிகள் நடத்தும் அந்த முதியோர் இல்லத்தின் படியை நான் மார்ச் மாதத்திலிருந்து ஏறி இறங்கியிருக்கிறேன். கெஞ்சியிருக்கிறேன். திங்கட்கிழமை மதியத்துக்குள் அம்மா அங்கே இல்லையென்றால் அந்தக் கட்டில் வேறொருவருக்குப் போய்விடும். "எங்க கையில ஒண்ணும் இல்ல முஸ்யே பராலிஸ், வரிசை நீளமா நிக்குது" என்று தலைவி சொல்லிவிட்டார். அடுத்த கட்டில் எப்போது காலியாகும் என்று கேட்கவே கூசுகிறது. யாராவது சாக வேண்டும்.

நீல மாத்திரை ராத்திரிக்கு, இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். தயிரில் நசுக்கிக் கொடு, முழுசாகக் கொடுத்தால் கன்னத்தில் அடக்கி வைத்துத் துப்புவாள். விடிகிற நேரத்தில் எழுந்து வெளியே போவாள், கதவைப் பூட்டிச் சாவியை உன் தலையணைக்கடியில் வை. இதெல்லாம் உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாது என்பதே உனக்குத் தெரியாது.

இதை என்னோடு பேருந்து ஓட்டுகிற ரெமி கையில் கொடுத்தனுப்புகிறேன். இந்த வாரம் காலை வண்டி அவனுடையது. தபாலை நம்பிக்கொண்டிருக்க முடியாது. நீ பதில் எழுதினால் நிறுத்தத்தில் அவனிடமே கொடு.

காஸ்பார்


போலியூ
4 நவம்பர், வியாழன்

தம்பி,

தயிர் யோசனை பலித்தது. நன்றி. நாரைகளைப் பற்றி நீ எழுதியதை நான் கிழித்துப் போடவில்லை, வைத்திருக்கிறேன். அது எனக்கு வேண்டியதுதான்.

ஆனால் நீ பார்க்க வேண்டும் அவளை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து, முடியை முடிந்துகொண்டு, என் மேலங்கியைத் தூசி தட்டி மாட்டிவைத்துவிடுகிறாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் படுக்கை முடிந்திருக்கிறது, ஒரு சுருக்கம் கிடையாது. நேற்று வில்ஃப்ரான்ஷில் பக்கத்து அறை பெல்ஜியத் தம்பதி உலாவப் போயிருந்தபோது அங்கேயும் புகுந்துவிட்டாள். அவர்கள் திரும்பி வந்து பார்த்தால் கட்டில் பளிச்சென்று இருக்கிறது, அந்த அம்மாளின் ராத்திரி உடுப்பு இடுப்பில் மடிப்பு வைத்து விசிறி போல் தலையணைமேல் விரிந்திருக்கிறது. ஹோட்டல்காரியிடமே போய்ப் பாராட்டினார்களாம். ஹோட்டல்காரிக்கு ஒன்றும் புரியவில்லை, ஏனென்றால் அவளுடைய வேலைக்காரி மாதம் பிறந்ததும் ஊருக்குப் போய்விட்டாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவளும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே.

அவள் சாப்பிடுவது சமையலறையில், நின்றுகொண்டு. மேசைக்கு வரமாட்டாள். இங்கே சமையல்காரர் நல்ல மனிதர், கீரைப் பணியாரத்தில் ஒரு துண்டு வெட்டிக் கையில் கொடுத்து, "இந்த வருஷம் கூட்டம் எப்படிம்மா?" என்று கேட்கிறார். "கூட்டமா? ரஷ்யாக்காரங்க வர்றதே இல்லையே இப்பல்லாம்" என்கிறாள் அவள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்.

ஒன்று மட்டும் எனக்கு முடியவில்லை. இங்கே அறைக்குப் பால்கனி இருக்கிறது. கீழே கடல், விளிம்பு வரை. கதவைத் திறந்துவிட்டு, "வாம்மா, வந்து பாரு" என்றேன். வாசற்படியில் நின்றுவிட்டாள். "பால்கனியில வேலைக்காரங்க நிக்கக் கூடாது மதாம். கீழே இருந்து பாத்தா தெரியும். போன வருஷம் ஒரு பொண்ணுக்கு அதுக்குத்தான் சீட்டைக் கிழிச்சாங்க." கையைப் பிடித்து இழுத்தேன். பூனை மாதிரி பின்னால் போய்விட்டாள், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூச்சாடியைத் துடைத்தாள்.

நான் இவளுக்காகத்தான் இந்த ஊரெல்லாம் வந்தேன், காஸ்பார். இவளோ ஒவ்வோர் ஊரிலும் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ சந்தோஷப்படுவாயானால் படு. வந்ததிலிருந்து அவள் என்னை ஒரு தடவைகூட பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. மதாம், மதாம், எல்லாவற்றுக்கும் மதாம். நீஸில் உன் வீட்டில் இருந்தவரை நீ "ஒதீல் வந்திருக்காம்மா" என்று எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருந்தாய். இங்கே எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. பரவாயில்லை, ஸ்ட்ராஸ்பூருக்கு வந்து என்னோடு இருந்தால் பழகிவிடும்.

சனிக்கிழமை மந்தோன் போகிறோம்.

ஒதீல்


நீஸ்
5 நவம்பர்

அக்கா,

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. ஸ்ட்ராஸ்பூரில் உன் வீடு நாலாவது மாடி. நீ காலையில் பள்ளிக்கூடம் போனால் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்துவிட்டு இருட்டும்போது வருகிறாய். அதுவரை யார் இருப்பார்கள் அவளோடு? கீழே பனியில் அவள் செருப்போடு இறங்கினால் யார் கூப்பிட்டு நிறுத்துவார்கள்? இங்கே சந்தைக்காரி முதல் என் வண்டிக்காரர்கள் வரை எல்லோருக்கும் அவளைத் தெரியும். "உன் அம்மா மீன்கடை கிட்ட நிக்கிறாப்பா" என்று எத்தனை தடவை வண்டியை நிறுத்தி எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டாய், யாரோ மறந்து வைத்த பெட்டி மாதிரி.

நீ மனம் விட்டு எழுதினாய் என்பதால் நானும் எழுதுகிறேன். உன்னை மதாம் என்கிறாள் என்று படித்ததும் நான் சந்தோஷப்படவில்லை. கொஞ்சம் பட்டேன். என்னை அவள் இன்னும் காஸ்பார் என்றுதான் கூப்பிடுகிறாள். ராத்திரி வந்து கதவைத் திறந்ததும், "காஸ்பாரா? சாப்பிட்டியா?" இத்தனைக்கும் எனக்குக் கிடைக்கிற கூலி அது ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டு போகிறாய் நீ.

திங்கள் மதியம். மறக்காதே.

காஸ்பார்


மந்தோன்
6 நவம்பர், சனி மாலை

காஸ்பார்,

அம்மாவை அடித்துவிட்டேன்.

கன்னத்தில் அடித்தேன். இதைச் சுற்றி வளைத்து எழுதலாம் என்று இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன், எப்படி எழுதினாலும் அதே இடத்துக்குத்தான் வருகிறது.

மதியம் வந்து சேர்ந்தோம். நான் கீழே பேர் பதிந்துகொண்டிருந்தேன். சாவியைப் பார்த்ததும் அம்மா மாடிக்குப் போய்விட்டாள். இங்கே ஒரு வயதான ஆங்கிலேயர் குளிர்காலம் முழுக்கத் தங்குகிறார். அவர் குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். இவள் கதவைத் தட்டிவிட்டு, பதில் வராததால் உள்ளே போய், படுக்கையைப் போட்டுவிட்டு, குளியலறைத் துவாலையை மாற்றவும் போய்விட்டாள். அவர் போட்ட கூச்சலில் வீடே திரண்டது. ஹோட்டல்காரி நல்லவிதமாகத்தான் சொன்னாள்: "மதாம், உங்களைக் குறை சொல்லலை. எங்க வீட்டிலேயும் பெரியவங்க இருந்தாங்க. ஆனா நாளன்னைக்குக் காலையில நீங்க கிளம்பிடுங்க. இருக்கிற ஒரே வாடிக்கைக்காரரையும் நான் இழக்க முடியாது."

அறைக்குக் கூட்டிவந்தேன். உட்கார் என்றேன். உட்காரவில்லை. மறுபடியும் கதவுக்குப் போனாள், "பதினொண்ணாம் அறையை இன்னும் முடிக்கல." இழுத்து வந்தேன். மறுபடியும் போனாள். அம்மா, நான் ஒதீல், உன் பொண்ணு, நீ வேலைக்கு வரலை, நீ வேலையை விட்டே எத்தனையோ வருஷம் ஆச்சு என்று கத்தினேன். "சரிங்க மதாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி கதவுக்குப் போனாள். அப்போதுதான் என் கை போய்விட்டது.

அவள் அழவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில், "மேற்பார்வை அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மதாம். எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க இருக்கு" என்றாள்.

காஸ்பார், தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. நீ எத்தனை வருஷம் செய்தாய்?

கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள், தண்ணீர் ஊற்றிக்கொடுத்தாள். "மதாமுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். மகள் என்று சொல்லிச் சொல்லி ஒன்றும் ஆகவில்லையே என்று, சரி, மதாமாகவே இருந்து அவளைப் பேர் சொல்லியே கூப்பிடுவோம் என்று நினைத்தேன். "ஆமா ஸெலி, தலை சுத்துது, பால்கனியில கொஞ்சம் காத்து வாங்கணும், தனியா நிக்க பயமா இருக்கு, துணைக்கு வாங்க" என்றேன். உடனே வந்தாள். என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு விருந்தாளியைப் பிடிக்கிற மாதிரியே பிடித்துக்கொண்டு, பால்கனிக்கு வந்து நின்றாள்.

வெயில் இருந்தது. கீழே எலுமிச்சை மரங்கள், பழைய துறை, அந்தப் பக்கம் இத்தாலி மலை. ரொம்ப நேரம் பார்த்தாள். "இங்கேருந்து பாத்தா வேற மாதிரி இருக்கு மதாம்" என்றாள். "நாங்க துணி காயப்போடுற இடத்துலேருந்து ஒரு துண்டுதான் தெரியும்." நாற்காலியைக் காட்டினேன். விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள், வெயில் சாயும் வரை பேசினாள். அதையெல்லாம் எழுத இப்போது எனக்குத் தெம்பில்லை.

ஸ்ட்ராஸ்பூர் என்று நான் எழுதியதையெல்லாம் மறந்துவிடு. என்னால் முடியாது. வந்து கூட்டிக்கொண்டு போ.

அக்கா


நீஸ்
7 நவம்பர், ஞாயிறு

அக்கா,

உன் கடிதம் நேற்று ராத்திரி கடைசி வண்டியில் வந்து சேர்ந்தது. ரெமி விடுமுறையில் வீட்டில் இருக்கிறான், ஆனாலும் இதை எடுத்துக்கொண்டு மந்தோன் வருகிறான், நான் கேட்டுக்கொண்டதற்காக. ராத்திரி முழுக்க நீ விழித்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். நாளை காலை நானே வருகிறேன், இவெத்தின் அண்ணன் கார் தருகிறான். மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

நான் இல்லத்துப் படியை ஏன் மார்ச் மாதத்திலிருந்து ஏற ஆரம்பித்தேன் என்று நீ கேட்கவில்லை. மார்ச்சில் ஒரு ராத்திரி நானும் கை ஓங்கினேன். அடுப்பு எரிவாயுவைத் திறந்துவிட்டு வந்து படுத்திருந்தாள், குழந்தைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். இவெத் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்திருக்காவிட்டால் அடித்திருப்பேன், ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கவும் மாட்டேன். மறுநாளே போய்க் கட்டில் கேட்டேன். அம்மாவைத் தள்ளிவிடக் கேட்கவில்லை அக்கா. என்னிடமிருந்து காப்பாற்றக் கேட்டேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லாமல் போனதால்தான் இத்தனையும் என்று இப்போது தோன்றுகிறது.

உன்னைப் பிடித்துக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. அவ்வளவுதான் நமக்குள் வித்தியாசம். அழாதே. ராத்திரி அவளுக்குத் தயிர் கொடு, நீயும் ஏதாவது சாப்பிடு.

காஸ்பார்


ஸ்ட்ராஸ்பூர்
5 டிசம்பர்

தம்பி,

இங்கே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. நீ சொன்னது சரி, என் படிக்கட்டில் நானே வழுக்குகிறேன்.

காரில் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து, "இந்த வீட்டுல ஷட்டர் தப்பா மாட்டியிருக்கான், காத்துல அடிச்சுக்கும்" என்று ஊர் ஊராகக் குற்றம் சொல்லிக்கொண்டு வந்தாள். இல்லத்திலும் முன்வாசல் வேண்டாம் என்று பக்கவாட்டுக் கதவுக்கு நடந்தாளே, அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்த இளம் கன்னியாஸ்திரி நல்ல பெண். அம்மா கையில் ஒரு கட்டுத் துவாலையைக் கொடுத்து, "நல்ல வேளையா வந்தீங்க மதாம் ஸெலி, மடிக்க ஆள் இல்லாம தவிச்சோம்" என்றாளே, எங்கே கற்றுக்கொண்டாள் அதை?

புறப்படும்போது அம்மாவை முத்தமிடக் குனிந்தேன். அவள் கூச்சப்பட்டுக் கொஞ்சம் பின்னால் போனாள். "நல்லபடியா போய்ச் சேருங்க மதாம்" என்றாள். ரயிலில் லியோன் வரைக்கும் அது காதிலேயே இருந்தது.

நீ எழுதவே இல்லை. கோபமா, வேலையா? அவள் எப்படி இருக்கிறாள்? உன்னைக் கேட்கிறாளா? தினமும் போகிறாயா? இனி நாரை அட்டை அனுப்ப மாட்டேன், பயப்படாதே. பள்ளி விடுமுறைக்கு ரயில் சீட்டு வாங்கிவிட்டேன், இந்தத் தடவை சொல்லிவிட்டு வருகிறேன்.

ஒதீல்


நீஸ்
16 ஜனவரி 1983, ஞாயிறு

அக்கா,

கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. இல்லை, அப்போது இன்னும் நடக்கவில்லை, நடந்துவிடும் என்று மட்டும் தெரிந்தது.

அம்மா நன்றாக இருக்கிறாள். எடை கூடியிருக்கிறது. காலையில் எழுந்து மாடி முழுக்கப் படுக்கை போடுகிறாள், கன்னியர்கள் விட்டுவிட்டார்கள். மற்றக் கிழவிகள் சண்டை போடுகிறார்களாம், "என் கட்டிலையும் ஸெலிதான் போடணும்" என்று. உன்னைக் கேட்கிறாள். அதாவது உன்னையல்ல, மந்தோன் மதாமை. "அந்த மதாம் மறுபடி எப்ப வருவாங்க? என்னைக் கூடவே உக்கார வச்சுக் கடலைக் காட்டினாங்க. ரொம்பத் தங்கமானவங்க. பாவம், அவங்களுக்குச் சொந்தம்னு யாரும் இல்ல போலருக்கு." இதை அப்படியே உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேரே போனேன். சீருடையோடு. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கதவில் நின்றேன், "காஸ்பாரா, சாப்பிட்டியா" என்று கேட்பாள் என்று. அவள் நிமிர்ந்து பார்த்து, "மூட்டை இன்னும் கட்டலைப்பா, கொஞ்சம் இரு" என்றாள். லாண்டரி வண்டிக்காரன் என்று நினைத்துவிட்டாள். நான் சிரித்து, "அம்மா, நான் காஸ்பார்" என்றேன்.

"அப்படியா? எம் பையன் பேரும் அதுதான்" என்றாள்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். சீருடை இல்லாமலும் போய்ப் பார்த்தேன். வண்டிக்காரன்தான். நேற்று நிஜமாகவே ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, கன்னியாஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, தெருவில் நின்று அழுதேன். நான், இத்தனை வயதில், பேருந்து நிறுத்தத்தில். ரெமி வண்டியை நிறுத்தி என்னை ஏற்றிக்கொண்டான்.

அத்தனை வருஷம் குளிப்பாட்டினேனே அக்கா. நீ ஒரு வாரம் கூட்டிக்கொண்டு சுற்றினாய், உன்னை நினைவு வைத்திருக்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. இனி போவதா வேண்டாமா என்றுகூடத் தெரியவில்லை. இவெத் சொல்கிறாள், "உங்க அக்காகிட்ட கேளுங்க, அவங்கதான் முதல்ல பழகினவங்க" என்று.

அதனால் கேட்கிறேன். அன்றைக்கு அழுதுவிட்டு எழுந்து மதாமாக ஆகிவிட்டேன் என்று எழுதினாயே, அதை எப்படிச் செய்தாய்? எனக்குச் சொல்லிக்கொடு.

காஸ்பார்


ஸ்ட்ராஸ்பூர்
19 ஜனவரி

என் தம்பி காஸ்பார்,

போ. நாளைக்கே போ. வண்டிக்காரனாகவே போ. நான் காஸ்பார் என்று சொல்லாதே, அவள் குழம்பிப் பயப்படுவாள், உனக்கும் வலிக்கும். "அவசரம் இல்லம்மா, மூட்டையை மெதுவா கட்டுங்க, நான் உக்காந்திருக்கேன்" என்று சொல்லு. உட்கார். அவளுக்கு வேலை நடுவில் பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான் ரகசியம். பிறகு, "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேள்.

மந்தோன் பால்கனியில் வெயில் சாயும் வரை பேசினாள் என்று உனக்கு எழுதினேன், என்ன பேசினாள் என்று எழுதவில்லை. தெம்பில்லை என்றேன். தெம்பு இருந்தது. பொறாமை, வேறொன்றும் இல்லை. நானும் அன்றைக்கு அந்தக் கேள்வியைத்தான் கேட்டேன்.

"ஒரு பொண்ணு இருக்கா. படிச்சவ" என்றாள். அதோடு என் கதை முடிந்தது. இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன், வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சொல்லவில்லை. பிறகு, "ஒரு பையன் இருக்கான் மதாம்" என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். விளிம்பில் இருந்தவள் அப்போதுதான் சாய்ந்தாள். நீ பிறந்தபோது உன் தலை எலுமிச்சம்பழம் மாதிரி நீண்டிருந்ததைச் சொன்னாள். நீ சூடான சொக்கா, அந்தக் கடலைமாவு அடை, தின்று வாய் சுட்டுக்கொண்டு அடுப்புக்காரனோடு சண்டை போட்டதைச் சொன்னாள். நீ முதல் முதலாகப் பேருந்து ஓட்டிய நாளில் அவள் வேலைக்குப் போகாமல் நிறுத்தத்தில் நின்று, ஏறாமலே உன் வண்டி போவதைப் பார்த்துவிட்டு வந்தாளாம். அது உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

பிறகு குரலைத் தாழ்த்தி என் பக்கம் சாய்ந்து இதைச் சொன்னாள், ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்:

"இப்ப அவன்தான் என்னைப் பாத்துக்கிறான் மதாம். ராத்திரி எழுந்து என் படுக்கையை மாத்துறான். ஓரத்தை மடிச்சுச் சொருகத் தெரியாது அவனுக்கு, சுருட்டி உள்ள தள்ளிடுவான், முதுகுல உறுத்தும். அவன் போனதும் நான் எழுந்து சரியா போட்டுக்குவேன். அவன்கிட்ட சொல்லிடாதீங்க. களைச்சுப் போயிருக்கான், நல்லாப் போட்டோம்னு நினைச்சிக்கிட்டுத் தூங்கட்டும்."

என்னை அவள் நினைவு வைத்திருக்கிறாள் என்று பொறுக்க முடியவில்லை என்கிறாய். அவள் நினைவு வைத்திருப்பது நாற்காலி கொடுத்த ஒரு மதாமை, காஸ்பார். அந்த மதாமுக்குச் சொந்தம் யாருமில்லை என்று அவளே உன்னிடம் சொல்லிவிட்டாள். நீ அங்கே போய் யாரோ ஒருவனாக உட்கார்ந்து கேட்டால் போதும், மாலை முழுக்க உன்னைப் பற்றித்தான் பேசுவாள். எனக்கு அந்த ஒரு வரிதான். அதுவும் போதும் என்று பழகிக்கொண்டிருக்கிறேன்.

போய்க் கேட்டுவிட்டு வந்து, அவள் சொன்னதை எனக்கு எழுது. எல்லாவற்றையும் எழுது.

அக்கா
ஒதீல்